எண்ணெய்க்கு ஐந்து நிமிடம்

பொறியியல் கல்லூரிகளின் சிம்போசியம் அழைப்பிதழ்கள் ஒரு கட்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. எல்லாம் வழவழப்பான தாள். மேலே நிறுவனர் படம். கீழே தாளாளர், செயலாளர், முதல்வர், துறைத் தலைவர், ஒவ்வொருவருக்கும் இரண்டு வரிப் பட்டங்கள். நடுவில் கொட்டை எழுத்தில் சிறப்பு விருந்தினர்: பெயர், பதவி, நிறுவனம். வரவேற்புரை எத்தனை மணிக்கு, நன்றி நவில்வது யார் என்பதுவரை அச்சாகியிருக்கும். சிறப்பு விருந்தினர் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்பது மட்டும் எதிலும் இருக்காது.

அந்தக் கொட்டை எழுத்தில் என் பெயரும் வந்திருக்கிறது. சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள் நான். கால் நூற்றாண்டாக அதுதான் தொழில். ராத்திரி பகலாக நிரல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், சொல்வதற்கு நிறைய இருந்த காலத்தில், எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. பெயருக்குப் பின்னால் நீளமாக ஒரு பதவி ஒட்டிக்கொண்டு, நிரல் எழுதுவது குறைந்துபோன பிறகுதான் கூப்பிட ஆரம்பித்தார்கள். “என்ன பேசட்டும் சார்?” என்று கேட்டால், “எது பேசினாலும் சரி மேடம், பசங்களுக்கு மோட்டிவேஷனா இருந்தா போதும்” என்பார் துறைத் தலைவர். பாவம், அவர் கவலை அவருக்கு. தரச்சான்று கொடுக்கும் நாக் குழுவுக்குக் காட்ட ஜியோடேக் போட்ட புகைப்படம் வேண்டும், அரங்கம் நிறைந்திருக்க வேண்டும். பசங்களுக்கு வகுப்புக்குப் போகாமலிருக்க ஓ.டி. கிடைக்கிறது. முன்வரிசை சோபாக்களில் துண்டு விரித்திருக்கிறது. குத்துவிளக்கில் தொடங்கிப் பொன்னாடையில் முடிகிற அந்த ஒன்றரை மணி நேரத்தில், மென்பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழுவதில்லை.

கணினிக்காரர்கள் தாங்களாகவே கூடி நடத்திக்கொள்ளும் மாநாடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் பேச்சைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆள் பின்னால் வருகிறார். நம் கல்லூரிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரு பழக்கத்தைத்தான் என்பது என் கட்சி.

இந்த மாநாடுகளுக்கு அரண்மனை எதுவும் தேவைப்பட்டதில்லை. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிப்ரவரித் தொடக்கத்தை ஒட்டிய ஒரு வார இறுதியில் ‘ஃபாஸ்டெம்’ நடக்கிறது. 2000இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, கழுத்தில் மாட்டும் அட்டைகூட இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். இடம், ஒரு பல்கலைக்கழகத்தின் சொல்பாஷ் வளாகத்து அரங்குகளும் வகுப்பறைகளும். பெரும்பாலான அறைகளை அறைக்கு ஒரு குழுவாக ஒப்படைத்துவிடுகிறார்கள். அங்கே யார், எதைப் பற்றிப் பேசுவது என்பதை அந்தக் குழுவே முடிவு செய்யும். அறை நிறைந்துவிட்டால் கதவில் ‘இடமில்லை’ என்று ஒரு தாளை ஒட்டிவிடுவார்கள். முன்வரிசை சோபா அங்கே இருப்பதாக நான் பார்த்த எந்தக் காணொளியிலும் தெரியவில்லை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1999இல் கெவின் லென்சோ என்பவர் பெர்ல் மொழிக்காரர்களைக் கூட்டி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு நடத்தினார். ஒரு பதிப்பகம் நடத்திவந்த பெரிய பெர்ல் மாநாட்டுக்குப் பணம் கட்டிப் போக முடியாதவர்களுக்காக, குறைந்த செலவில் நடத்தப்பட்டது அது. மறு வருடம் அதே ஊர் மாநாட்டில் மார்க் ஜேசன் டாமினஸ் ஐந்து நிமிடப் பேச்சுகளை வரிசையாக அடுக்கி ஓர் அமர்வை அமைத்தார். ‘லைட்னிங் டாக்’ என்ற பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. நல்ல யோசனை. முதல்முறை மேடை ஏறுகிறவர் ஒரு மணி நேரத்துக்குத் தயார் செய்ய வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது சின்ன விஷயம் என்றால் அதை இழுத்து நீட்ட வேண்டியதில்லை. பேச்சு மோசமாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் விடுதலை. பட்டிமன்றத்தில் நடுவர் மணி அடிப்பதைப் போலத்தான், என்ன, இங்கே மணி அடித்தால் நிஜமாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த ‘பைகான்’ என்ற பைத்தான் மொழி மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் அப்படி ஓர் ஐந்து நிமிடத்தில்தான் ‘டாக்கர்’ என்ற கருவியை வெளியாட்களுக்கு முதலில் காட்டினார். திரையில் அவர் ஓட்டிக் காட்டியது, நிரல் எழுதக் கற்கிற எல்லாரும் முதலில் எழுதும் ‘ஹலோ வேர்ல்டு’. மென்பொருளைப் பொட்டலம் கட்டி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும் வேலையில் இன்று டாக்கர் தொடாத நிறுவனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் இந்தக் கதையைச் சொல்லி மாணவர்களுக்கு ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை. மேடைக்கு வருகிற அத்தனை பேரும் டாக்கரைக் கொண்டுவரப் போவதில்லை. கொண்டுவரவும் வேண்டாம். நான் கேட்டதிலேயே நல்ல ஐந்து நிமிடப் பேச்சு, தேங்காய் எண்ணெய் பற்றியது.

சென்னையில் ஒரு சனிக்கிழமைக் கூட்டம். தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண்; வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஊரில் மாமாவுக்கு மளிகைக் கடை. பில்லைத் தமிழில் அடித்துக்கொடுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வர மாட்டார் என்று மாமா கேட்டிருக்கிறார். கடையில் இருந்தது 58 மில்லிமீட்டர் தாள் போடுகிற சின்ன தெர்மல் பிரிண்டர். ஆங்கில எழுத்துகள் அதற்குள்ளேயே இருக்கின்றன, தமிழ் இல்லை. அதனால் ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து, புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். அகலத்துக்கு 384 புள்ளிகள், அவ்வளவுதான் இடம். பைத்தானில் ‘பில்லோ’ என்ற நிரல்தொகுப்பை வைத்து வரைந்திருக்கிறார். முதல் பில் வெளியே வந்தது. அதைப் படம் எடுத்து வைத்திருந்தார், திரையில் போட்டார். அரங்கமே சிரித்துவிட்டது. ‘எண்ணெய்’ என்ற சொல்லில் ணகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, அதைத் தாண்டி வந்து யகரத்துக்கு முன்னால் நின்றது. ‘தேங்காய்’ தகரத்தில் தொடங்கிக் கொம்பை அதன் பின்னால் தொங்கவிட்டிருந்தது.

காரணத்தை அவர் விளக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு தெளிவு. யூனிகோடில் மெய்தான் முதலில் சேமிக்கப்படுகிறது, கொம்பு பின்னால். உச்சரிக்கிற வரிசை அது. எழுதுகிற வரிசைக்கு அதை மாற்றி அடுக்குவது, திரையில் காட்டுகிற மென்பொருளின் பொறுப்பு. கைபேசியும் உலாவியும் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்துவிடுவதால் அப்படி ஒரு வேலை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. பில்லோ தானாக அதைச் செய்யவில்லை. ஆகவே, கொம்பைக் கண்டால் முந்தைய எழுத்துக்கு முன்னால் நகர்த்து என்று இவரே ஒரு விதி எழுதினார். ‘கொத்தமல்லி’ வந்தது, கொம்பும் காலுமாக உயிர்க்குறியை இரண்டாக உடைத்து எழுத்தின் இரண்டு பக்கமும் வைக்க இன்னொரு விதி. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது கடையின் பெயரே காலை வாரிவிட்டது. பெயரின் தொடக்கத்தில் இருந்த ‘ஸ்ரீ’ ஒட்டிச் சேராமல் உதிரி எழுத்துகளாக நின்றது. அதற்கு வழி தெரியவில்லை, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். நேரம் முடிந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “ராக்ம்னு ஒண்ணு இருக்குங்க. அதைச் சேர்த்து பில்லோவைப் போட்டீங்கன்னா கொம்பு, ஸ்ரீ எல்லாத்தையும் அதுவே அடுக்கிக்கும்.” தேநீர் இடைவேளையில் இருவரும் ஒரு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். கோப்பை ஆறுவதற்குள் திரையில் ‘ஸ்ரீ’ ஒட்டிக்கொண்டது. அவர் வாரக்கணக்கில் எழுதிய விதிகள் எல்லாம் இனித் தேவையில்லை. அதற்கு அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அங்கிருந்த முப்பது நாற்பது பேருக்கு, தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றைக்குப் புரிந்தது. பதவிப் பெயரோடு நான் மேடையேறி ‘தமிழும் கணினியும்’ என்று முக்கால் மணி நேரம் முழங்கியிருந்தால் அது நடந்திருக்காது.

சென்னையில் இதற்கு ஒரு மரபு உண்டு. இங்கத்திய லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி, பல வருடங்கள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் ஐ.ஐ.டி. வகுப்பறையில் கூடிவந்தது. காஞ்சிபுரத்து லினக்ஸ் குழு தமிழிலேயே பேசிக்கொள்கிறது. இந்தியப் பைத்தான் மாநாடு 2009இல் பெங்களூருவில் தொடங்கி, 2019இல் சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. அந்த மாநாட்டில் ஆண்டுதோறும் கென்னத் கொன்சால்வெஸ் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். நீலகிரியில் இருந்துகொண்டு, சென்னை லினக்ஸ் குழுவிலும் இந்தியப் பைத்தான் வட்டத்திலும் ஓயாமல் உழைத்தவர், 2012இல் மறைந்தார். அவரை நினைவு வைத்திருப்பவர்கள் செய்த வேலையைச் சொல்வார்கள். என்ன பதவியில் இருந்தார் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

இப்படிப்பட்ட மாநாடுகளுக்கு வரும் பேச்சு முன்மொழிவுகளைச் சில வருடங்களாகப் படித்துவருகிறேன். சம்பளம் கிடையாது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படிக்கிற வேலை. ‘எதிர்காலம்’, ‘புரட்சி’ என்ற சொற்கள் தலைப்பில் இருந்தால் என் கை தானாக அடுத்ததற்குப் போய்விடும். நான் தேடுவது ஒன்றே ஒன்று: எங்கே உடைந்தது? தீபாவளி விற்பனை அன்று சர்வர் எந்த நிமிடத்தில் படுத்தது, ஏன் படுத்தது, முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள், கடைசியில் எது குற்றவாளி என்று ஒருவர் எழுதியிருந்தால் போதும், அவர் கல்லூரியை முடிக்காதவராக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. இப்போது ஒரு புதிய தொல்லை சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய முன்மொழிவுகள் குவிகின்றன. பிழையே இருக்காது. ஆளும் இருக்க மாட்டார். “நீங்கள் செய்தபோது என்ன சிக்கல் வந்தது?” என்று ஒரு கேள்வி அனுப்பினால் பாதிப் பேரிடமிருந்து பதிலே வருவதில்லை.

உடைந்ததைச் சொல்வதற்கு ஒரு மேடை எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கு ரையன் டால் நல்ல சாட்சி. 2009 நவம்பரில் பெர்லினில், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்காரர்களின் ஐரோப்பிய மாநாட்டில் அவர் நோட் என்ற மென்பொருளை அறிமுகப்படுத்தினார். உலகம் முழுக்க அது பரவியது. 2018இல் அதே மாநாட்டுக்குத் திரும்பி வந்து, நோட் விஷயத்தில் தான் வருந்தும் பத்து விஷயங்கள் என்று தலைப்பிட்டுப் பேசினார். நிரல்தொகுப்புகள் எல்லாம் வந்து குவியும் அந்தப் பிரம்மாண்டமான ‘நோட் மாட்யூல்ஸ்’ கோப்புறை உட்பட ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இதை இப்படிச் செய்திருக்கக் கூடாது என்றார். படைத்தவனே வந்து பிழைப்பட்டியல் வாசித்த அந்தப் பேச்சை இன்றும் இளைஞர்கள் தேடிப் பார்க்கிறார்கள். நம் கல்லூரி மேடையில் ஒரு சிறப்பு விருந்தினர் ‘என் பத்து வருத்தங்கள்’ என்று ஆரம்பித்தால் தாளாளர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த மாநாடுகளும் புனிதமானவை இல்லை. அதே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நன்கொடை கொடுத்த நிறுவனத்தின் விளம்பரம் தொழில்நுட்பப் பேச்சு வேடத்தில் உள்ளே நுழையப் பார்க்கிறது. ஆங்கிலம் தடுமாறுகிறவர் கை தூக்குவதில்லை. தேனிப் பெண்ணும் இரண்டாவது நிமிடத்தில் தமிழுக்கு மாறிய பிறகுதான் மூச்சுவிட்டார். அப்புறம், பெண்கள். அமெரிக்கப் பைகானில் 2011இல் பெண்கள் கொடுத்த பேச்சுகள் வெறும் 1 சதவீதம். 2016இல் அது 40 சதவீதம். இடையில் ஜெசிகா மெக்கெல்லரும் மற்றவர்களும் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை; பெண்களைத் தனித்தனியாக அணுகி, நீங்கள் அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டார்கள், முன்மொழிவு எழுத உதவினார்கள். ஐந்து வருடத்தில் இது முடிந்திருக்கிறது. இங்கே சிம்போசியம் அன்று கணினித் துறை மாணவிகளை எங்கே பார்க்கிறேன் என்றால், வாசலில். பட்டுப்புடவை கட்டி, பன்னீர்ச் செம்பும் கற்கண்டுத் தட்டுமாக நிற்கிறார்கள். நிரல் எழுதுகிற போட்டி மாடியில் நடந்துகொண்டிருக்கிறது. ஒருமுறை சந்தனத்தை நீட்டிய பெண்ணிடம் “நீ என்னம்மா பண்ணிட்டிருக்கே, ப்ராஜெக்ட்?” என்று கேட்டேன். பேருந்து நேரம் சொல்லும் செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாக ஆரம்பித்தாள். பின்னால் கார் வந்துவிட்டது, அடுத்த விருந்தினரை வரவேற்க ஓடிவிட்டாள்.

பதவியைப் பார்த்து ஆள் கூப்பிடுவதில் கல்லூரிகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய நிறுவனத்து அதிகாரியை ஒருமுறை வரவழைத்துவிட்டால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வழி பிறக்கும் என்ற நம்பிக்கை. மாணவர் சேர்க்கை குறைந்து தவிக்கும் கல்லூரிகளுக்கு அது வாழ்வுப் பிரச்சினை. ஆனால் என் அனுபவத்தில் பொன்னாடை வாங்கிய யாரும் திரும்பிப்போய் மனிதவளத் துறையிடம் சண்டை போட்டு ஆள் எடுக்கச் சொன்னதாகப் பார்த்ததில்லை. ஆள் எடுப்பது இணையவழித் தேர்வு. அதைத் தாண்டி என் முன்னால் நேர்முகத்துக்கு வந்து உட்காரும் பிள்ளைகளின் சுயவிவரத்தில் ‘சிம்போசியத்தில் பங்கேற்றார்’ என்ற வரியை நான் படிப்பதே இல்லை. ஒரு பயனர் குழுவில் ஐந்து நிமிடம் பேசிய காணொளியின் இணைப்பு இருந்தால் அப்போதே திறந்து பார்த்துவிடுவேன். அதில் திணறினாலும் பரவாயில்லை. எதைச் செய்யும்போது திணறினான் என்று தெரிகிறதே.

ஆகவே ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் அரங்குகள் விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள். ஊரில் மென்பொருள் எழுதுகிற யாரும் வரலாம் என்று சொல்லுங்கள். அடையாள அட்டை இல்லாதவரை வாசல் காவலாளி விரட்டாமல் இருக்க ஒரு கடிதம் வேண்டியிருக்கும், அவ்வளவுதான் நிர்வாகச் சுமை. சிம்போசியத்தை விட முடியாது என்றால், சிறப்புரைக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை ஐந்து நிமிடங்களாக நறுக்குங்கள். ஒரு மாதம் முன்னால் ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: என்ன செய்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் அல்லது இன்னும் வரவில்லை. தமிழிலும் எழுதலாம் என்று அதிலேயே போட்டுவிடுங்கள். பெயரை மறைத்துவிட்டுப் படித்துத் தேர்ந்தெடுங்கள். வாசலில் பன்னீர்ச் செம்பு வேண்டாம். அந்தப் பிள்ளைகளிடம் முதலில் போய்க் கேளுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று குழப்பமாக இருந்தால், துறையின் லேப் அசிஸ்டென்டிடம் போங்கள். எட்டு வருடப் பழைய அறுபது கணினிகளை, பாதி விசைப்பலகைகளில் எழுத்தே அழிந்துபோன நிலையில், செய்முறைத் தேர்வு அன்று அத்தனையும் ஓடும்படி ஒரே ஆளாக நிறுத்திக் காட்டுகிறவர் அவர். அது எப்படி முடிகிறது என்று அந்தத் துறையில் இதுவரை யாரும் அவரை மைக் முன்னால் நிறுத்திக் கேட்டிருக்க மாட்டார்கள்.